கடிதத்தில் இருந்த ஐந்து பேரும் செகண்ட் பேஸில் நின்ற கஜனும்

மாலை மறைத்தது போக மீதி முகத்தோடு மேடையின் நடுவில் வீற்றிருக்கும் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், தம்பி ராமசுப்ரமணியன் அவர்களே. அவருக்கு இடமும் வலமுமாக அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிர்வாகக் குழுவின் நல்லவர்களே. போர்த்திய பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருக்கும் இன்றைய விழா நாயகன், பந்தைப் பிடித்த கையால் பல்லாயிரம் பேரின் மூச்சைப் பிடித்து வைத்த கஜன் நவரத்தினம் அவர்களே. மூன்றாம் வரிசையில், எந்த நேரமும் எழுந்து போகத் தயாராகக் கைப்பையோடு உட்கார்ந்திருக்கும் அவனைப் பெற்ற தாயே, பத்மராணி அம்மையாரே. கேசரியைக் கிளறிக்கொண்டே காதை இந்தப் பக்கம் வைத்திருக்கும் தாய்மார்களே. பேசுவது புரிந்தும் புரியாதது போல் இருக்கும் பேரப்பிள்ளைகளே. உங்கள் அனைவருக்கும் என் தீபாவளி வணக்கம்.

தலைவர் என்னைக் கூப்பிட்டபோது, ‘நம்ம மைக் செட் தாத்தா ரெண்டு நிமிஷம் வாழ்த்திப் பேசுவார்’ என்றார். பெயரைச் சொல்லவில்லை. பரவாயில்லை. மேடையை விட்டு இறங்குவதற்கு முன் நானே சொல்லிக்கொள்கிறேன். தாராபுரத்தில் நாற்பத்திரண்டு வருடம் மைக் செட் வைத்திருந்தவன் நான். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதெல்லாம் ஆண்டு விழாவுக்குக் குழாய் கட்டத்தான். என் தமிழ், மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காதால் கற்ற தமிழ். எழுத்து என் கண்ணுக்குள் வந்ததில்லை. ஆனால் காதுக்குள் வந்தது எதுவும் வெளியே போனதில்லை.

வாழ்த்திப் பேசச் சொன்னீர்கள். நான் வாழ்த்த வரவில்லை. வயிற்றெரிச்சலைக் கொட்ட வந்திருக்கிறேன்.

ஒரு வருடத்தைச் சொல்கிறேன், நினைவிருக்கிறதா பாருங்கள். வளைகுடாவில் போர் முடிந்து, போருக்குப் போன பிள்ளைகள் திரும்பி வரட்டும் என்று தெருவெல்லாம் மரத்தில் கட்டிய மஞ்சள் நாடா வெயிலில் வெளுத்துத் தொங்கிய வருடம். ஜூலை மாதம் பட்டப்பகலில் சூரியனை நிலா கடித்த வருடம். அக்டோபரில் ஓக்லாந்து மலை பற்றி எரிந்து, வீட்டை விட்டவர்கள் ஃப்ரீவேயில் வரிசையாக நின்ற வருடம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், மே மாதத்தில், ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து இந்தியாவின் முன்னாள் பிரதமர் ஒருவர் செத்த வருடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்று. நினைவு வந்துவிட்டதா? வரட்டும். தலைவர் தண்ணீர் குடிக்கிறார். குடியுங்கள் தம்பி, இன்னும் தாகம் எடுக்கும்.

உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு விழா மலர் இருக்கிறது. பதினேழாம் பக்கத்தைத் திருப்புங்கள். கஜன் படத்துக்குக் கீழே என்ன போட்டிருக்கிறது? என் பேத்தி கயல் படித்துச் சொன்னாள். ‘நம் சங்கம் பெற்று வளர்த்துப் பேஸ்பால் உலகுக்குத் தந்த பெருமகன்.’ பெற்றதாம். வளர்த்ததாம். தந்ததாம். கேட்கிறேன், யார் பெற்றது? அதோ மூன்றாம் வரிசையில் இருக்கும் அந்த அம்மாளைக் கேளுங்கள். யார் வளர்த்தது? மௌரி அவென்யூ முனையில் பெட்ரோல் பங்கில் ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் நின்ற அவர் புருஷன் நவரத்தினத்தைக் கேட்டிருக்க வேண்டும். அவர் இன்று இல்லை. யார் தந்தது? ஐயா, சங்கம் ஒன்றைத் தந்தது. ஒரு கடிதம் தந்தது. அந்தக் கடிதத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள். நான்கு பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். ஒருவர் இருக்கிறார். அந்த ஐந்து பெயரையும் இதே சங்கத்தின் மைக்கில் சொல்லுவேன் என்று சாகக் கிடந்த ஒரு மனிதனுக்கு வாக்குக் கொடுத்தேன். இன்றைக்குச் சொல்லத்தான் நிற்கிறேன். இன்று பேர் சொல்கிறேன், வாருங்கள் என்று கூப்பிட்டதால்தான் பத்மராணி அம்மாள் பத்து வருடம் கழித்து இந்த வாசலை மிதித்திருக்கிறார்.

முதலில், செகண்ட் பேஸ் என்றால் என்ன என்று தெரியாமல் கைதட்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் முதலில் தெரியாது. தொண்ணூறில் மகன் வீட்டுக்கு வந்தேன். பகலெல்லாம் ஆளில்லாத வீடு. எலிசபெத் ஏரிக்கரைப் பார்க்கில் ஸ்பீக்கர் சத்தம் கேட்டது. நம்ம தொழிலாச்சே என்று போனேன். ஸ்பீக்கர் கட்டியிருந்த லட்சணம் சரியில்லை; ஆட்டம் சரியாக இருந்தது. அங்கேதான் நம் சங்கம் பனியன் வாங்கிக் கொடுத்த பையன்களின் அணி ஆடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் குத்துவிளக்குப் படம். பதின்மூன்று பிள்ளைகள். அதில் செகண்ட் பேஸில் நின்றவன் கஜன். பதினாறு வயது நடந்துகொண்டிருந்தது.

அந்த இடத்தில் நிற்பவன் வேலை என்ன தெரியுமா? பக்கத்தில் நிற்கும் தோழன் பந்தைப் பொறுக்கி இவனிடம் எறிவான். இவன் ஓடிவந்து, பேஸ் என்று தரையில் பதித்திருக்கிற மெத்தைத் துண்டை மிதித்தபடி வாங்க வேண்டும்; வாங்கிய சூட்டோடு திரும்பி, முதல் பேஸுக்கு எறிய வேண்டும். ஓடி வருகிறவனைப் பந்து முந்திவிட்டால் அவன் அவுட்; ஒரே மூச்சில் எதிரணியில் இரண்டு பேர் அவுட். ஆனால், எதிரணிக்காரன் ஒருவன் இவனை நோக்கி, ஆணி வைத்த பூட்ஸை முன்னால் நீட்டித் தரையில் சறுக்கிக்கொண்டு வருவான். எந்தப் பக்கத்திலிருந்து? இவன் முதுகுப் பக்கத்திலிருந்து. திரும்பிப் பார்த்தால் பந்து போய்விடும். பார்க்காவிட்டால் கால் போய்விடும். போர்க்களத்தில் முதுகு காட்டினால் கோழை என்போம். அந்த இடத்தில் முதுகு காட்டி நிற்பவனே வீரன். கஜன் நின்றான். எறிந்தான். எறிந்த பிறகுதான் துள்ளினான். துள்ளிய காலுக்கு அடியில் எதிராளி புழுதியோடு சறுக்கிப் போனான். பெஞ்சில் இருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன்.

முன்னால் வருகிற எதையும் பிடித்தான் கஜன். முதுகுக்குப் பின்னால் இருந்து வந்த ஒன்று மட்டும்தான் அவனைச் சாய்த்தது. அது எதிரணியிலிருந்து வரவில்லை. குத்துவிளக்குப் பனியன் போட்ட நம் பக்கத்திலிருந்து வந்தது.

குண்டு வெடித்த செய்தி வந்த வாரத்திலிருந்து சங்கத்தில் எல்லோர் குரலும் இறங்கிப்போனது. நவரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பத்தேழில் மனைவியோடும் மகனோடும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே தஞ்சம் கேட்டு வந்தவர். குண்டுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? பெட்ரோல் பங்கில் கண்ணாடி துடைக்கிற மனிதர், அந்தச் செய்தியைக் கேட்டு அன்றைக்குச் சோறு உண்ணாமல் இருந்தவர். ஆனால் நம்மவர்களுக்குப் பயம். போலீஸ் வந்து விசாரிக்குமோ, க்ரீன் கார்டு நின்றுவிடுமோ, சங்கத்தையே சந்தேகப்படுவார்களோ. பயப்படுவது தப்பில்லை. பயந்தவன் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அடுத்தவன் பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டா சாத்துவது?

ஜூன் மாதம், ஊர் நடத்துகிற அந்தப் பேஸ்பால் லீக் ஆபீசுக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் போனது. அதில் எழுதியிருந்ததைக் கயல் எனக்குத் தமிழில் மூன்று முறை சொன்னாள். அப்படியே சொல்கிறேன். ‘நவரத்தினம் குடும்பத்தினர் எங்களவர் அல்லர். அவர்கள் வேறு நாட்டவர். அவர்களுடைய பின்னணிக்கு எங்கள் சங்கம் பொறுப்பேற்க இயலாது. எனவே எங்கள் அணியிலிருந்து அவர்கள் மகனின் பெயரை நீக்கிவிடுங்கள்.’ அவ்வளவுதான். நான்கு வரி. ‘பின்னணி’ என்ற அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் ஊரில் இருந்த மற்ற அணிகளும் அந்தப் பிள்ளையைத் தொடவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, குத்துவிளக்குப் பனியனோடு மைதானத்துக்கு வந்தவனைக் கம்பிவேலிக்கு வெளியே நிறுத்தினார்கள். பனியனைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். கழற்றினான். வெற்று மேலோடு வீட்டுக்கு நடந்துபோனான். அதை நான் பார்த்தேன். அன்றைக்கு யார் வீட்டிலும் இட்லி இறங்காமல் இருக்கவில்லை.

என்ன கண்ணு, என்னிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறாய்? தலைவர் எழுதி அனுப்பியிருக்கிறார். தம்பி, எனக்கு எழுதி அனுப்பி என்ன பயன்? வாயால் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும். சொல்ல மாட்டீர்களா? சரி. மைக்கை நிறுத்தலாம் என்று அந்தப் பக்கம் ஒருவர் எழுந்து போகிறார். போங்க சாமி. காலையில் இந்த மைக்கைக் கட்டியது நான். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

சிரித்தது போதும். கேளுங்கள். அன்று சாயங்காலம் பெட்ரோல் பங்குக்குப் போனேன். சங்கத்திலிருந்து போனவன் நான் ஒருவன்தான். சங்கத்திலிருந்து கையெழுத்தோடு ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று மட்டும் லீக் ஆபீசில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நவரத்தினம் பைப்பைக் கையில் பிடித்தபடியே கேட்டார். அவர் கேட்ட சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

“ஐயா, ஆர் கையெழுத்து வைச்சது எண்டு மட்டும் அறிஞ்சு சொல்லுங்கோ. நான் சண்டைக்குப் போகேல்ல. கடையில, தெருவில அந்த ஆளைக் கண்டால் நான் தலையைக் குனியிறதோ நிமிருறதோ எண்டு எனக்குத் தெரிய வேணும்.”

நான் சங்கத்தில் ஒவ்வொருவரிடமும் போனேன். அப்போது செயலாளராக இருந்த தம்பி ராமசுப்ரமணியனிடமும் போனேன். ‘கமிட்டி முடிவு தாத்தா’ என்றார். கமிட்டியில் யார் என்றால், ‘எல்லாரும்தான்’ என்றார். எல்லாரும் என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம். வேலி மேல் போட்ட துணி மாதிரி அந்தப் பழி யார் மேலும் இல்லாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அந்தக் கோடை முழுக்க, பெட்ரோல் பங்கின் பின்சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்தான் கஜன். சுவர்தான் அவனுக்கு அணி. சுவர்தான் எதிரணி. சுவர் அவனிடம் ஊர் பெயர் கேட்கவில்லை. சுவர் அவன் அப்பன் யார் என்று விசாரிக்கவில்லை. ஆயிரம் முறை எறிந்தால் ஆயிரம் முறையும் திருப்பிக் கொடுத்தது சுவர். தமிழனிடம் இல்லாத நேர்மை அந்த சிமெண்ட்டில் இருந்தது. சான் ஹோசேயில் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் சொல்லித் தருகிற எஸ்டேபான் என்ற மெக்சிகோக்காரர் ஒருநாள் பெட்ரோல் போட வந்தார். தொட்டி நிறைந்தும் வண்டியை எடுக்கவில்லை. அரை மணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நவரத்தினத்திடம் ஒரு கேள்விதான் கேட்டார்: பையன் எத்தனை மணிக்கு எழுந்திருப்பான்? பின்னணி கேட்கவில்லை ஐயா. எழுந்திருக்கிற நேரம் கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மலரில் இருக்கிறது. மலரில் இல்லாததைச் சொல்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நவரத்தினத்தின் கதவு சாத்தாத பழைய காரில், கதவை நான் கயிற்றால் பிடித்துக்கொள்ள, சான் ஹோசே போவோம். பத்மராணி அம்மாள் எனக்கும் சேர்த்து இடியப்பம் கட்டித் தருவார். மாவு வேறு ருசி, சொதி வேறு ருசி. முதல் நாள் முகம் சுளித்தேன், மூன்றாம் வாரம் கேட்டு வாங்கினேன். கஜன் என்னை ‘அப்பு’ என்பான். அவர்கள் ஊரில் தாத்தாவை அப்படிக் கூப்பிடுவார்களாம். பள்ளிக்கூட அணி, பிறகு காலேஜ் அணி. தொண்ணூற்று ஐந்தில் அவனைத் தொழில்முறை அணி ஒன்று எடுத்துக்கொண்டது. சின்ன சின்ன ஊர், நாளெல்லாம் பஸ், ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பாடு. ஒரு ஊரில் வேலியோரம் இருந்த ஒருவன், ‘ஒட்டகம் எங்கே கட்டியிருக்கிறாய்’ என்று இன்னிங்ஸ் முழுக்கக் கத்தினானாம். என்னடா செய்தாய் என்று கேட்டேன்.

“ரெண்டு பேரை அவுட்டாக்கிப் போட்டு, அவரிட்டப் போய், ஒட்டகத்துக்கு ஒரு டிக்கெட் கிடைக்குமோ எண்டு கேட்டனான் அப்பு” என்றான்.

அப்படிப்பட்ட பிள்ளை. அவனைத்தான் பொறுப்பேற்க இயலாது என்றீர்கள்.

தொண்ணூற்று ஆறில் நவரத்தினம் படுத்தார். ஈரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். மகனைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். “அந்தக் கையெழுத்து” என்றார். ஐந்து வருடம் ஆகியும் அந்த மனிதருக்கு அது ஆறவில்லை. நான் சொன்னேன்: கண்டுபிடிக்கிறேன், சங்கத்து மைக்கிலேயே ஊர் கேட்கச் சொல்கிறேன். மறுநாள் காலை அவர் போய்விட்டார். சங்கத்திலிருந்து ஒரு மாலை வந்ததா? வரவில்லை. ஒரு போன்? இல்லை. பிணத்துக்கும் பின்னணி பார்த்தீர்கள்.

தொண்ணூற்று ஒன்பதில் கஜன் பெரிய லீக்குக்கு ஏறினான். ஆகஸ்ட் மாதம், ஒன்பதாம் இன்னிங்ஸ். ஒரு அவுட் ஆகிவிட்டது. எதிரணிக்கு இன்னும் ஒரே ஓட்டம் கிடைத்தால் ஆட்டம் சமம். முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள். அடித்த பந்து தரையோடு தோழனிடம் போனது. தோழன் எறிந்தது தப்பிப்போய் இவன் தலைக்குப் பின்னால் வந்தது. வெறுங்கையால் பிடித்தான். கையுறை இல்லாத கையால். காற்றில் இருக்கும்போதே, கால் விரல் பேஸைத் தொட, அங்கிருந்தே எறிந்தான். இரண்டு பேரும் அவுட். ஆட்டம் முடிந்தது. நாற்பதாயிரம் பேர் எழுந்தார்கள். எத்தனையோ பெருந்தலைவர்களுக்குக் குழாய் கட்டியவன் நான். அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. மறுநாள் பத்திரிகைகள் அவன் முகத்தைப் போடவில்லை, அந்த வெறுங்கையைப் போட்டன. பத்மராணி அம்மாள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, உள்ளங்கை வீங்கியிருக்கிறதே என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குத்தான் சங்கத்திலிருந்து அந்த வீட்டுக்கு முதல் போன் போனது. எட்டு வருடத்தில் முதல் போன். ‘நம்ம பையன்’ என்றார்களாம். நாற்பதாயிரம் பேர் எழுந்த பிறகு நம்ம பையன். அதற்கு முன் யார் பையன்?

இரண்டாயிரத்தில், அதே செகண்ட் பேஸில், முதுகுப் பக்கத்திலிருந்து சறுக்கி வந்தவன் முழங்காலில் மோதினான். கஜன் பந்தை எறிந்துவிட்டுத்தான் விழுந்தான். இரண்டு பேர் அவுட் என்று நடுவர் கை உயர்த்தியபோது இவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். காலைப் பழக்க இந்த வருடம் டெக்சாஸில் ரவுண்ட் ராக்குக்கு அனுப்பினார்கள். ஜூலையில் போன் செய்தான். எப்படியிருக்கிறது என்றேன்.

“கை சரியா இருக்கு அப்பு. கண் சரியா இருக்கு. காலுக்குத்தான் ஆரோ கடிதம் போட்டிட்டினம், நீ எங்கட டீம் இல்லை எண்டு.”

சிரித்தபடிதான் சொன்னான். போனை வைத்துவிட்டு நான் அழுதேன். ஆகஸ்டில் ஆட்டத்தை விட்டுவிட்டான். இருபத்தாறு வயது. விட்டவனுக்கு விழா எடுக்கிறீர்கள். எடுங்கள். ஆனால் கோபம் ஏன் இன்றைக்கு வந்தது என்று கேட்க மாட்டீர்களா?

செப்டம்பரில் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. மறுவாரம் நம் தலைவர் பெட்ரோல் போடப் போன இடத்தில் ஒருவன், உன் நாட்டுக்குப் போ என்று அவர் மேல் காப்பியைக் கொட்டினான். நவரத்தினம் நின்ற அதே பங்க். வருத்தப்பட்டேன் தம்பி, உண்மையாகவே வருத்தப்பட்டேன். அன்றிலிருந்து உங்கள் காரில் இந்த நாட்டுக் கொடி மூன்று. நம் தெருவில் கொடி இல்லாத கார் இல்லை. பயம். புரிகிறது. ஆனால் கமிட்டியில் என்ன பேசினீர்கள்? சிட்டி ஆபீசுக்கு ஒரு லெட்டர் போடலாம் என்று பேசினீர்கள். பக்கத்துத் தெருவில் தாடி வைத்தவர்களும் முக்காடு போட்டவர்களும் தலைப்பாகை கட்டியவர்களும் எங்களவர் அல்லர் என்று. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பழைய மாதிரி ஒன்று கராஜில் இருக்கிறது என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. அந்த ஃபைலைத் தூசி தட்டி எடுத்து, டைப் பண்ணித் தரச் சொல்லி என் பேத்தி கயலிடம் கொடுத்தீர்கள். பத்து வருடம் நான் தேடியதை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீங்களே கொண்டுவந்து வைத்தீர்கள்.

கயல் படித்தாள். கடிதத்தின் அடியில் நிர்வாகக் குழுவில் ஒருவர் பெயர்கூட இல்லை. அத்தனை பேருக்கும் க்ரீன் கார்டு வர வேண்டியிருந்தது அல்லவா? எழுதிய கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ‘மூத்தோர் குழு’ என்று ஒன்றைப் புதிதாகப் பிறப்பித்து, பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த ஐந்து கிழடுகளிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஏரிக்கரைப் பிக்னிக்கில். புளியோதரை தட்டுக்கு வந்த நேரத்தில். அட்டையில் செருகிய காகிதம் சுற்றி வந்தது. மேலே இருந்த தாள் சாப்பாட்டுத் தலை எண்ணுகிற தாள். கீழே இருந்தது இந்தக் கடிதம். பார்க்குக்கு அனுமதி வாங்குகிற பேப்பர், பெரியவங்க போட்டால்தான் செல்லும் என்று சொல்லி வாங்கினார்கள்.

இனி அந்த ஐவர். முதல் பெயர், நஞ்சுண்டன் வாத்தியார். இங்கிலீஷ் தெரிந்தவர்; படித்துப் பார்த்துவிட்டே போட்டார். தொண்ணூற்று மூன்றில் போய்விட்டார். இரண்டாவது, பர்வதம் அம்மாள். மகன் சொன்னான் என்று போட்டார். தொண்ணூற்று நான்கு. மூன்றாவது, நாகரத்தினம். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றாராம், பரவாயில்லை என்றார்களாம். தொண்ணூற்று எட்டு. நான்காவது, மீனாக்ஷி அம்மாள். கஜனுக்குத் தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தவர், அவன் பெயரைத்தான் எடுக்கிறோம் என்று தெரியாமலே போட்டவர். போன வருடம் போனார்.

நாலு பெயர் படித்த கயல் நிறுத்திவிட்டாள். ஐந்தாவதைப் படி கண்ணு என்றேன்.

“தாத்தா, அஞ்சாவது சைன் இல்ல. ஒரு தம்ப் ப்ரிண்ட் இருக்கு” என்றாள்.

கைநாட்டு. மேலே படிக்கச் சொல்லவில்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மை டப்பா இல்லாததால் பேனாக் குழலை உடைத்து விரலில் தேய்த்தது. இன்னொரு கையில் வடை இருந்தது. இது என்னங்க பேப்பர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் அழுத்தியது. எழுத்துத் தெரியாதது குற்றமில்லை. கேட்காதது குற்றம். அந்த விரலோடு அந்த ஆள் என்ன செய்தான் தெரியுமா? அதே மாதம் பெட்ரோல் பங்குக்குப் போனான். அந்தக் காரில் ஏறினான். அந்த வீட்டு இடியப்பத்தை ஐந்து வருடம், பத்து வருடம் தின்றான். யார் வைத்தது, யார் வைத்தது என்று ஊரையெல்லாம் திட்டித் திரிந்தான். சாகிற மனிதனின் கையை அதே கையால் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தான். உங்கள் மேல் இருக்கிற கோபத்தைப் போல் நூறு மடங்கு கோபம் எனக்கு அவன் மேல் இருக்கிறது.

சிட்டிக்குப் போகிற புதுக் கடிதம் தலைவரின் ஃபைலில் தயாராக இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்களிடம் வரும். பெரியவர்களே, என் வயதொத்தவர்களே, ஒரு கையில் கேசரி இருக்கும். மறு கையை நீட்டாதீர்கள். இது என்ன என்று கேளுங்கள். யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேளுங்கள். படித்துக் காட்டச் சொல்லி உங்கள் பேத்தியைக் கூப்பிடுங்கள்.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், மைக்கை நிறுத்தத் தெரியாத தம்பிகளுக்கும், எழுந்து அடிக்காமல் உட்கார்ந்திருந்த தலைவருக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

கஜன், எழுந்திருக்காதே சாமி, உட்கார். பத்மராணி அம்மா, உங்கள் வீட்டுக்காரர் கேட்டாரே, தலையைக் குனிவதா நிமிர்வதா என்று. நீங்கள் நிமிர்ந்து இருங்கள். குனிய வேண்டியவன் இதோ குனிகிறான். தலைவர் சொல்லாமல் விட்ட பெயரை நானே சொல்கிறேன் என்றேன் அல்லவா? அந்த ஐவரில் இன்னும் உயிரோடு இருப்பவன் பெயர், தாராபுரம் மைக் செட் மயில்சாமி.